பெயரும் வினையும் இனங்காணல்: தமிழ் வகுப்பறையில் ஒரு நெடிய வரலாறு

தமிழ் இலக்கணம் சொல்லைப் பெயர், வினை, இடை, உரி என நான்காகப் பகுக்கிறது. தொல்காப்பியத்தில் காணும் இந்தப் பகுப்பு இன்றைய ஆறாம் வகுப்புப் பாடநூல் வரை பெயர்கூட மாறாமல் வந்திருக்கிறது. மாறியது, ஒரு சொல் இந்த நான்கில் எது என்று மாணவர் கண்டுகொள்ளும் வழி. சொல் என்ன உருபை ஏற்கிறது, காலம் காட்டுகிறதா என்று சோதித்துப் பார்ப்பது ஒரு வழி. சொல் எதை உணர்த்துகிறது என்று கேட்டு முடிவு செய்வது இன்னொரு வழி. பெயரையும் வினையையும் பொறுத்தவரை பழைய நூல்கள் பெரிதும் முதல் வழியில் நின்றன. 19ஆம் நூற்றாண்டில் பெருகிய அச்சுப் பாடநூல்கள் இரண்டாம் வழிக்கு இடம் கொடுத்தன. தமிழில் சொல்வகை கற்பித்தலின் வரலாறு பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் இடையிலான இழுபறிதான்.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் ஒன்பது இயல்கள் உள்ளன. அவற்றின் வரிசையே ஒரு கற்பித்தல் முறையைக் காட்டுகிறது. கிளவியாக்கத்தில் திணையும் பாலும் அவற்றுக்கேற்ற முடிபும் பேசப்படுகின்றன. அதன் பின் வேற்றுமையியல், வேற்றுமை மயங்கியல், விளிமரபு ஆகிய மூன்றும் வருகின்றன. பெயரியல் ஐந்தாவதாகத்தான் வருகிறது. அதாவது, பெயர்ச்சொல்லை வகைப்படுத்தத் தொடங்கும் முன்பே மாணவர் எட்டு வேற்றுமைகளையும் அறிந்திருப்பார். அடுத்து வரும் வினையியல், வேற்றுமை கொள்ளாமையையும் காலம் காட்டுவதையும் வினையின் அடையாளங்களாகத் தருகிறது. பெயர் காலம் காட்டாது. தொழிலிலிருந்து பிறந்த சில பெயர்கள் மட்டும் இதற்கு விலக்கு. இடைச்சொல்லும் உரிச்சொல்லும் இவ்விரண்டையும் சார்ந்தே தோன்றுவன என்று ஆசிரியர் கூறுவதால், அடிப்படைப் பகுப்பு இரண்டுதான் என்று கொள்வதற்கும் இடமிருக்கிறது.

யாஸ்கரின் நிருக்தத்திலும் நாமம், ஆக்யாதம், உபசர்க்கம், நிபாதம் என நான்கு வகைகள் உண்டு. எண்ணிக்கை ஒத்திருப்பதை வைத்து இரண்டையும் இணைத்துப் பேசுவது எளிது. ஆனால் முதலிரண்டு பொருந்தும் அளவுக்குப் பின்னிரண்டு பொருந்துவதில்லை. உரிச்சொல்லுக்கு நேரான ஒன்று அங்கே இல்லை.

வடிவச் சோதனையின் வலிமை, ஒரே தோற்றமுள்ள சொற்களில் நன்கு விளங்கும். ‘ஓடு’ என்று தனியே எழுதிக் காட்டினால் அது பெயரா வினையா என்று யாரும் சொல்ல முடியாது. ‘ஓட்டை மாற்றினான்’ என்னும்போது அது உருபேற்றுப் பெயராகிறது. ‘ஓடினான்’ என்னும்போது காலம் காட்டி வினையாகிறது. ‘ஆடு’, ‘படி’ போன்றவையும் அப்படியே. சோதனை திணறும் இடமும் உண்டு. ‘வந்தவனைக் கண்டேன்’ என்பதில் ‘வந்தவன்’ காலமும் காட்டுகிறது, உருபும் ஏற்கிறது. தொல்காப்பியர் விலக்காகக் குறிப்பிட்ட இவ்வகையைப் பிற்கால இலக்கணம் வினையாலணையும் பெயர் என்று தனியே பிரித்து வைத்தது. அன்று தொட்டு இன்றுவரை மாணவர் அதிகம் தடுமாறும் இடமும் இதுவே.

11ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில் புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம், வேற்றுமை, உபகாரகம், தொகை, தத்திதம், தாது, கிரியாபதம் எனப் படலங்களை வகுத்து வடமொழி முறையில் தமிழ்ச் சொல்லை ஆராய்ந்தது. அம்முறை பின்னர் வகுப்பறையில் நிலைக்கவில்லை. நிலைத்தது 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் ஆதரவில் பவணந்தி முனிவர் செய்த நன்னூல். அளவில் சுருங்கியது, மனப்பாடத்துக்கு ஏற்றது என்பதால் அடுத்த அறுநூறு ஆண்டுகளுக்கு இலக்கணம் கற்பது என்றாலே பெரும்பாலும் நன்னூல் கற்பது என்றாயிற்று.

நன்னூல் சொல்லதிகாரம் பெயரியல், வினையியல், பொதுவியல், இடையியல், உரியியல் என ஐந்து இயல்களாகச் சுருங்கியது. பெயரியல் முதலில் வந்தது. வேற்றுமை அதற்குள் ஒரு பகுதியானது. வரிசை தலைகீழானாலும் வரையறை மாறவில்லை. காலம் காட்டாமை, வேற்றுமைக்கு இடமாதல் ஆகிய அடையாளங்கள் நன்னூலிலும் உள்ளன. பிற்காலப் பாடநூல்கள் வேறொரு பொருளில் எடுத்தாண்டது, பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்னும் ஆறையும்தான். பதவியலில் பவணந்தியார் இந்த ஆறையும் பகுபதப் பெயர்களின் அடிப்படையாகவே கூறுகிறார். பொன்னை உடையவன் பொன்னன், ஆதிரை நாளில் பிறந்தவன் ஆதிரையான், கண் என்னும் உறுப்பால் பெயர் பெற்றவன் கண்ணன், நிறத்தால் கரியன் என்று உரைகாரர் காட்டும் எடுத்துக்காட்டுகள் இதைத் தெளிவாக்குகின்றன. ஒருவருக்குப் பெயர் எதிலிருந்து பிறந்தது என்பதே அங்குள்ள கேள்வி. இன்றைய பாடநூலில் அதே ஆறு, மரம் பொருட்பெயர், மதுரை இடப்பெயர், மாலை காலப்பெயர், கை சினைப்பெயர், வெண்மை பண்புப்பெயர், ஓடுதல் தொழிற்பெயர் என எல்லாப் பெயர்களையும் போட்டு வைக்கும் பெட்டிகளாகிவிட்டது. இரண்டும் ஒன்றல்ல.

திண்ணைப் பள்ளிகளில் நன்னூலுக்கு முன்பே நிகண்டு வந்துவிடும். மண்டல புருடரின் சூடாமணி நிகண்டு பன்னிரண்டு தொகுதிகளை உடையது. தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம், பல்பொருள், செயற்கை வடிவம், பண்பு, செயல், ஒலி என்று அதன் தொகுதிகள் செல்கின்றன. இலக்கணம் அறியாத சிறுவன் இவற்றை ஒப்பிக்கும்போதே பெயர்களைப் பொருள்வழிக் குழுக்களாக மனத்தில் அடுக்கிக்கொண்டான். ஆகவே பொருளைக் கொண்டு பெயரை அறியும் வழி ஐரோப்பியரோடுதான் வந்தது என்று கொள்வது சரியாகாது. நிகண்டும் நூற்பாவும் அக்காலத்தில் தனித்தனி வேலைகளைச் செய்தன என்பதே உண்மை: நிகண்டு சொல்வளம் தந்தது, நூற்பா சொல்லின் இலக்கணம் தந்தது.

நன்னூலைப் பாடம் கேட்பது தனியாசிரியரிடம் நிகழ்ந்தது. உ. வே. சாமிநாதையர் இளமையில் கார்குடி கஸ்தூரி ஐயங்காரிடம் நன்னூல் கற்றதைத் தம் ‘என் சரித்திரம்’ நூலில் சொல்கிறார். நூற்பாவை மனனம் செய்தல், உரையைக் கேட்டல், எடுத்துக்காட்டில் பொருத்திப் பார்த்தல் என்ற படிகளில் அப்பாடம் நடக்கும். மயிலைநாதர், சங்கர நமச்சிவாயர், சிவஞான முனிவர் ஆகியோரின் உரைகள் இதற்குத் துணையாயின. உரையில் கடாவும் விடையும் இன்றியமையாத உறுப்புகள். விதியோடு மாறுபடும் ஒரு சொல்லைக் காட்டி ‘இது எப்படிப் பொருந்தும்?’ என்று ஐயம் எழுப்புவதும், அதற்கு அமைதி கூறுவதும் உரைகாரர் வழக்கம். தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை செய்த சேனாவரையர் இதில் கைதேர்ந்தவர். இங்கே வினா கற்பவரின் பக்கத்திலிருந்து எழுகிறது; இது பின்னால் வரும் மாற்றத்தை மதிப்பிட உதவும்.

ஐரோப்பியர் தமிழ் கற்கத் தொடங்கியபோது வேறொரு சொல்வகை மரபு உள்ளே வந்தது. கிரேக்கத்தில் திராக்ஸின் டயோனிசியஸ் பெயரால் வழங்கும் இலக்கணம் சொல்லை எட்டாகப் பகுத்தது. இலத்தீனில் 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தொனாத்துஸ் இலத்தீனின் எட்டுச் சொல்வகைகளை வினாவிடை வடிவில் சிறுநூலாக்கினார். இடைக்கால ஐரோப்பாவின் பள்ளிப் பிள்ளைகள் அதைத்தான் ஒப்பித்தார்கள். அவருக்குப் பின் வந்த பிரிஸ்கியன், வெர்ஜில் காவியத்தின் பன்னிரண்டு பகுதிகளிலும் முதலடியை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லும் எந்த வகை, எந்தப் பால், எந்த வேற்றுமை என்று கேட்டு விடை கூறும் பயிற்சி நூலை எழுதினார். 16ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹென்றிக் ஹென்றிக்ஸ் போர்த்துகீசிய மொழியில் தமிழுக்கு இலக்கணம் எழுதியதும், சீகன்பால்க் 1716இல் ஹாலே நகரில் இலத்தீன் வழித் தமிழிலக்கணத்தை அச்சிட்டதும் இந்த மரபில் நின்றுதான். அவை ஐரோப்பியருக்கானவை, தமிழ்ப் பிள்ளைகள் அவற்றைத் தொட்டதில்லை. வீரமாமுனிவர் இந்த இரு மரபுகளின் எல்லையை நன்கு உணர்ந்தவர். கொடுந்தமிழ் இலக்கணத்தைத் துறவியருக்காக இலத்தீனில் எழுதிய அவரே, தமிழறிஞருக்காகத் தொன்னூல் விளக்கத்தைத் தமிழ் மரபின்படி ஐந்திலக்கண நூலாகச் செய்தார்.

இரு மரபுகளும் ஒரே வகுப்பறையில் சந்தித்தது 19ஆம் நூற்றாண்டில். 1812இல் கிழக்கிந்தியக் கும்பினி அதிகாரிகளுக்கு நாட்டு மொழிகள் கற்பிக்கச் சென்னையில் தொடங்கிய செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக்கு, நூற்பாவை ஆண்டுக்கணக்கில் ஓதும் பொறுமை இல்லாத மாணவர்களுக்கேற்ற உரைநடை இலக்கணம் தேவைப்பட்டது. அங்குப் பணியாற்றிய தாண்டவராய முதலியார் 1820களில் இலக்கண வினாவிடையை வெளியிட்டார். விசாகப் பெருமாளையரின் பாலபோத இலக்கணம் 1850களில் வந்தது. அக்காலத்திலேயே ஜி. யு. போப் சிறுவர் முதல் முதிர்ந்த மாணவர் வரை படிப்படியாகக் கற்பதற்கு வரிசையாக இலக்கண நூல்களை எழுதினார். அவை போப்பையர் இலக்கணம் என்றே வழங்கின. சிறுவருக்கானது வினாவிடையாகவும், மேல்நிலைக்கானது நன்னூல் நூற்பாக்களோடு கூடியதாகவும் அமைந்தன.

ஆறுமுக நாவலரின் பணி இவற்றுள் தனித்து நிற்கிறது. 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய அவர், பாலபாடங்களைத் தொடர்ந்து இலக்கணத்துக்கும் பாடநூல்கள் செய்தார். நன்னூலுக்குக் காண்டிகையுரை, சிறுவருக்கு இலக்கண வினாவிடை, இடைநிலைக்கு இலக்கணச் சுருக்கம் என்று ஒரே ஆசிரியர் மூன்று படிகளுக்கும் எழுதியது அதுவரை அரிது. இலக்கணச் சுருக்கம் முழுவதும் உரைநடை. பகுதிதோறும் தேர்வு வினாக்கள் உண்டு. பகுபதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை என்று பிரித்து முடிபு கூறுவதற்கும், தொடரிலுள்ள சொற்களுக்கு இலக்கணம் கூறுவதற்கும் மாதிரிகள் காட்டப்பட்டன. நூற்பாவின் நிழல் ஒவ்வொரு பத்தியிலும் தெரிந்தாலும், பெயர் பொருளை உணர்த்துவது, வினை பொருளின் தொழிலை உணர்த்துவது என்று வரையறை பொருளிலிருந்தே தொடங்குகிறது. உருபும் காலமும் அடுத்த நிலைக்குத் தள்ளப்பட்டன. சிறுவனுக்குப் பொருள் விளங்கும், உருபு விளங்காது என்ற கணிப்பு இதன் பின்னால் இருந்திருக்கலாம். அந்தக் கணிப்பு சரிதானா என்பது ஐயத்துக்குரியது: ஐந்து வயதுப் பிள்ளை ‘மரத்தை’, ‘மரத்துக்கு’ என்று பிழையின்றிப் பேசுகிறது.

வினாவிடை வடிவம் ஐரோப்பிய வேதவினாவிடையின் சாயலை உடையது என்பதில் ஐயமில்லை. உரைமரபின் கடாவிடையும் அதை எளிதாக ஏற்க வைத்தது. ஆனால் கேட்பவர் மாறிவிட்டார். இங்கே ஆசிரியர் கேட்கிறார். மாணவர் அச்சிட்ட விடையைச் சொல்கிறார். ஐயம் எழுப்பும் இடம் மறைந்தது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றி, மெட்ரிகுலேஷன் தேர்வு பள்ளிப் படிப்பின் இலக்காகியதும் இந்த வடிவம் உறுதிப்பட்டது. சிறு விடையாக எழுதி மதிப்பெண் இடக்கூடிய பகுதிகள் இலக்கணத்தில் முதன்மை பெற்றன. இன்றும் பத்தாம் வகுப்பு மாணவர் எழுதும் ‘இலக்கணக் குறிப்பு தருக’, ‘பகுபத உறுப்பிலக்கணம் தருக’ என்ற வினாக்களும், தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையப் பாடத்திட்டத்தில் இடம்பெற்ற ‘பெயர்ச்சொல்லின் வகையறிதல்’ என்னும் தலைப்பும் இந்த வழியில் வந்தவை.

இடைப்பட்ட காலத்தில் ஆங்கில வகுப்பும் தமிழ் வகுப்பும் ஒரே பள்ளியில் அடுத்தடுத்த மணிகளில் நடந்தன. அங்கே எட்டு, இங்கே நான்கு. ‘நல்ல பையன்’ என்பதில் ‘நல்ல’ எது என்று கேட்டால் ஆங்கில ஆசிரியரின் விடை வேறு; தமிழாசிரியரின் விடை குறிப்புப் பெயரெச்சம். கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகளின் அடைகள் பெயரிலிருந்தும் வினையிலிருந்தும் வந்தவை, அவை தாம் தழுவும் பெயரோடு பால், எண், வேற்றுமைக்கேற்ப மாறுவதில்லை என்று விளக்கினார். பண்டைய நூலோர் அவற்றுக்குத் தனி வகை அமைக்காததற்கான காரணத்தை இது ஓரளவு உணர்த்துகிறது. ‘வேகமாக’ போன்றவையும் இப்படியே ஆக்கச் சொல் சேர்ந்த வினையெச்சத் தொடராகக் கொள்ளப்பட்டன.

நான்கு வகையில் கற்பித்தலுக்கு மிகக் கடினமானது உரிச்சொல். தொல்காப்பியரே உரியியலில் வடிவ அடையாளம் எதையும் பெரிதாகச் சொல்லாமல், அரிய சொற்களை எடுத்து அவற்றின் பொருளைச் சொல்லிச் செல்கிறார். ஒருவகையில் அது செய்யுள் சொல்லுக்கான சிற்றகராதி. சங்கப் பாடல் படிப்பவருக்கு அது பயன்படும். பேச்சில் ‘நனி’யோ ‘தவ’வோ வழங்காத மாணவருக்கு உரிச்சொல் என்பது மனப்பாடம் செய்த ஐந்தாறு சொற்களின் பட்டியலாகச் சுருங்கிவிடுகிறது.

20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மொழியியல் துறைகள் வளர்ந்தபோது தற்காலத் தமிழுக்குச் சொல்வகை புதிதாக ஆராயப்பட்டது. தாமஸ் லேமன் 1989இல் வெளியிட்ட தற்காலத் தமிழ் இலக்கணம் பெயர், வினையோடு பின்னுருபு, பெயரடை, வினையடை போன்றவற்றையும் தனித்தனி வகைகளாகக் கொண்டது. இலங்கையில் எம். ஏ. நுஃமான், ‘அடிப்படைத் தமிழ் இலக்கணம்’ நூலில் பெயர், வினை, பெயரடை, வினையடை, இடைச்சொல் என்னும் பகுப்பை மேற்கொண்டார். உரிச்சொல் அதில் தனி வகையாக இல்லை. இந்நூல்களின் முக்கியமான கூறு, வகையை நிறுவும் முறை பொருளைவிடச் சொல்லின் வடிவத்தையும் தொடரில் அது வரும் இடத்தையும் சார்ந்திருப்பது. தொல்காப்பிய வினையியலின் சோதனைக்கு இது வினாவிடை நூல்களைக் காட்டிலும் நெருக்கமானது. பழமையை விட்டு விலகியதாகக் குற்றம் சாட்டப்பட்ட மொழியியலார் முறையில் பழையவரோடு நிற்பது கவனிக்கத்தக்கது.

தமிழ்நாட்டில் 2018இல் அறிமுகமான பாடத்திட்டம் இலக்கணத்தைக் ‘கற்கண்டு’ என்னும் தலைப்பில் ஒவ்வொரு இயலின் இறுதியில் வைத்தது. ஆறாம் வகுப்பில் நால்வகைச் சொற்களும் அறுவகைப் பெயர்களும் அறிமுகமாகின்றன. தொழிற்பெயரின் உட்பிரிவுகள் அடுத்த வகுப்பில் வருகின்றன. தொழிற்பெயருக்கும் வினையாலணையும் பெயருக்கும் உள்ள வேறுபாடு பத்தாம் வகுப்பில் அட்டவணையாகத் தரப்படுகிறது. காலம் காட்டுகிறதா என்ற பழைய சோதனை மாணவர் கைக்கு முறையாக வந்து சேர்வது அந்த அட்டவணையில்தான். பெயரடையும் வினையடையும் மரபுப் பகுப்புக்குள் இன்னும் தனி வகைகளாகவில்லை. ஆனால் 1992இல் முதற்பதிப்பு கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைத் திறக்கும் மாணவர், ‘நல்ல’ என்னும் சொல்லுக்குப் பக்கத்தில் பெ.அ. என்ற குறியைக் காண்கிறார். வகுப்பில் அதற்குக் குறிப்புப் பெயரெச்சம் என்று எழுதினால்தான் மதிப்பெண்.