கர்ப்பிணிகளைக் குறிவைத்த மஞ்சக்காமாலை

மஞ்சக்குட்டை முகாம்ல ஒரு கர்ப்பிணி கேட்டாங்க: "ஊத்துத் தண்ணிதானே டாக்டர், அப்படியே குடிக்கலாம்ல?" பதிலுக்கு ஒரு பழைய கதை இருக்கு, படிங்க.

1955 கடைசி. யமுனை போக்கு மாறி, டெல்லியின் சாக்கடை வசீராபாத் குடிநீர் நிலையத்துக்குள்ள வந்துடுச்சு. குளோரினைக் கூட்டிப் போட்டாங்க. டைஃபாய்டு கூடல. ஆனா 29,000 பேருக்கு மஞ்சக்காமாலை! கர்ப்பிணிகள்ல இறப்பு விகிதம் மத்தவங்களைவிட அதிகம்.

1978ல காஷ்மீர்லயும் இதே கதை. டாக்டர் முகமது சுல்தான் குரூ கணக்கெடுத்தார். நோய் வந்த கர்ப்பிணிகளில் 5 பேருக்கு ஒருத்தருக்கு மேல கல்லீரல் சட்டுனு செயலிழந்தது. கர்ப்பமில்லாத பெண்களில் ஒருத்தருக்குக்கூட இல்லை. அந்த வைரஸுக்கு ஹெப்படைட்டிஸ் ஈ-னு பேர் வந்ததே அப்புறம்தான்.

ஏன் இப்படி? வயித்துல இருக்கிற குழந்தையில பாதி அப்பாவோட மரபணு. அதை அந்நியன்னு நினைச்சு உடம்பு தாக்கக் கூடாது. அதனால புரோஜெஸ்டிரானும் ஈஸ்ட்ரோஜனும் எகிறி, எதிர்ப்பு சக்தியோட போக்கையே மாத்துது. அந்த இடைவெளியில வைரஸ் பெருகுதுங்கிறது ஒரு வலுவான விளக்கம். ஆனா எனக்கு அது முழு விடையாத் தெரியல. ஹெப்படைட்டிஸ் ஏ கர்ப்பிணிகளை இந்தப் பாடு படுத்துறதில்லையே!

அந்தப் பொண்ணுகிட்ட, "நல்லா கொதிக்க வெச்சு ஆறவெச்சுக் குடிம்மா"ன்னேன். பக்கத்துல மாமியார்: "அப்போ எங்களுக்கு?"

"உங்களுக்கும்தாம்மா."