மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள்

நான் வங்கியில் சேர்ந்த காலத்தில் கம்ப்யூட்டர் கிடையாது. அரையாண்டு முடிவில் லெட்ஜர்களைக் கூட்டினால் எங்கோ சில ரூபாய் உதைக்கும். தப்பு இருப்பது நிச்சயம். எந்தப் பக்கத்தில் என்பதுதான் தெரியாது. அதைத் தேடியே பல ஞாயிற்றுக்கிழமைகள் போயின. (வீட்டில் வாங்கிய திட்டு தனிக் கணக்கு!)

அதனாலோ என்னவோ, 147573952589676412927 என்ற எண்ணின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 67 இரண்டுகளைப் பெருக்கி, 1 கழித்தால் வருவது இது. மொத்தம் 21 இலக்கம். பிரான்ஸ் நாட்டுத் துறவி மெர்சென், 1644-இல் இதைப் பகா எண் என்று எழுதிவைத்தார். அதாவது 1-ஐயும் அதையும் தவிர வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாது. 1876-இல் லூக்காஸ் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர், அது பகா எண் அல்ல என்று நிரூபித்தார். ஆனால் எதால் வகுபடும் என்பதை அவருடைய முறை காட்டிக்கொடுக்கவில்லை. எங்கள் லெட்ஜர் கதையேதான்!

1903 அக்டோபரில் நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டம். பேராசிரியர் ஃபிராங்க் நெல்சன் கோல் எழுந்துபோய், ஒரு வார்த்தை பேசாமல், கரும்பலகையில் 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கிக் காட்டினாராம். அதே 21 இலக்கம்! சபை கைதட்டியது. கண்டுபிடிக்க எவ்வளவு நாள் ஆயிற்று என்று பிற்பாடு கேட்டதற்கு, மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம்.

என் கால்குலேட்டர் 12 இலக்கத்துக்கு மேல் காட்டாது. போன ஞாயிறு கட்டம் போட்ட தாளில் கையாலேயே பெருக்கினேன். முதல் தடவை உதைத்தது. இரண்டாம் தடவை டேலி ஆகிவிட்டது.