பருவமழைத் தீவிரமும் காலநிலை மாதிரிகளும்

காற்று, வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றின் போக்கை இயற்பியல் சமன்பாடுகளைக் கொண்டு கணினியில் கணக்கிடும் முறையே காலநிலை மாதிரி எனப்படுகிறது. இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை கொட்டும் வேகத்தை இம்முறையில் சரியாகக் காட்டுவது இன்றும் கடினமாகவே உள்ளது.

தொடக்கம்

1876-78 பெரும் பஞ்சத்துக்குப் பின், இமயமலைப் பனிப்பரப்பைக் கொண்டு பருவமழையை முன்கணிக்க ஹென்றி பிளான்போர்டு முயன்றார். 1904-இல் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர் புள்ளியியல் முறையை வளர்த்தார. இவை பருவம் முழுவதற்குமான மழையையே மதிப்பிட்டன. ஒரே நாளில் எவ்வளவு கொட்டும் என்பதைக் கூறவில்லை.

1975-இல் சியுகுரோ மனாபே குழுவினர் மலைகள் உள்ள உலகையும் மலைகள் இல்லாத உலகையும் கணினியில் ஒப்பிட்டனர். பருவமழைக் காலநிலை ஆசிய நிலப்பகுதியில் வெகுதூரம் வடக்கே பரவ மலைகளே துணைநிற்கின்றன என அது காட்டியது.

கட்டங்களின் சிக்கல்

மாதிரிகள் பூமியைக் கட்டங்களாகப் பிரிக்கின்றன. பல உலகளாவிய மாதிரிகளில் ஒரு கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 100 கி.மீ. இருக்கும். அந்தப் பரப்பு முழுவதற்கும் ஒரே மழை அளவுதான். ஆனால், 2005 சூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை பெய்தபோது, அதே நகரின் கொலாபாவில் பதிவானது 100 மி.மீ.க்கும் குறைவே. நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்த அந்த மழை, இத்தகைய கட்டத்துக்குள் சராசரியாகிக் கரைந்துவிடும்.

இடிமேகங்கள் சில கி.மீ. அகலமே கொண்டவை. அவற்றை மாதிரிகள் தோராய விதிகளால் கணக்கிடுகின்றன. இதனால் அவற்றில் தூறல் நாட்கள் மிகுதியாகவும் கனமழை நாட்கள் குறைவாகவும் அமைகின்றன. 10 நாட்கள் தலா 10 மி.மீ. பெய்தாலும், ஒரே நாளில் 100 மி.மீ. பெய்தாலும் கூட்டுத்தொகை ஒன்றே. முன்னது நிலத்தில் ஊறும். பின்னது வெள்ளமாக ஓடும்.

சராசரி போதாது

1951-2000 காலத் தரவுகளை ஆராய்ந்த பி. என். கோஸ்வாமி குழுவினர், மத்திய இந்தியாவில் கனமழை நிகழ்வுகள் பெருகி, மிதமான மழை குறைந்ததை 2006-இல் வெளியிட்டனர். இரண்டும் ஈடுகட்டியதால் சராசரி பெரிதாக மாறவில்லை. எனவே சராசரியை மட்டும் கொண்டு மாதிரியை மதிப்பிட இயலாது.

அண்மைக்காலம்

2012-இல் தேசியப் பருவமழைத் திட்டம் தொடங்கியது. 2025-இல் 6 கி.மீ. கட்டங்கள் கொண்ட பாரத் முன்னறிவிப்பு முறை வானிலை முன்னறிவிப்புக்காக அறிமுகமானது. கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் கணக்கீடு ஏறத்தாழ எட்டு மடங்காகும். நூறாண்டுக் காலநிலையை இவ்வளவு நுணுக்கமாகக் கணிப்பது அதனாலேயே அரிது. ஆயினும் அணையின் மதகும் நகரின் வடிகாலும் தாங்க வேண்டியது சராசரி மழையை அன்று, உச்ச மழையையே.