கிரீ பெண்களும் கைப்பறையும்

கிரீ, கனடாவின் முதற்குடிகளுள் மிகப் பெரிய இனங்களில் ஒன்று. இவர்களுடைய பறை மரபில் இரண்டு கருவிகள் முக்கியம். பழங்குடிகள் கூடி ஆடிப் பாடும் பவ்வாவ் விழாவில் பலர் சுற்றி உட்கார்ந்து அடிப்பது பெரும்பறை; ஒரு கையில் ஏந்தி மறுகையால் குச்சிகொண்டு அடிப்பது கைப்பறை. சமவெளிக் கிரீ வழக்கப்படி பெரும்பறை ஆண்களுடையது. பெண்கள் பின்னால் நின்று மேல்ஸ்தாயியில் சேர்ந்து பாடுவார்கள். உயிரைச் சுமக்கும் ஆற்றல் பெண்ணிடமே இருப்பதால் அவளுக்குப் பறை தேவையில்லை என்பது மூத்தவர்கள் சிலர் சொல்லும் காரணம். இதை ஏற்காத பெண்களும் உண்டு. பழைய வழக்கத்தை மனதார மதிப்பவர்களும் உண்டு.

மூஸ் அல்லது மான் தோலை நீரில் ஊறவைத்து, மரவளையத்தின் மேல் இழுத்து, பின்புறம் தோல்வாரால் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் காயவிட்டால் கைப்பறை ஆயிற்று. அந்தப் பின்னலே கைப்பிடியும். ஈரக்காற்று பட்டால் தோல் தொய்ந்து ஒலி மழுங்கும். தீயில் வாட்டினால் மறுபடி கணீரென்று பேசும்.

பறை முழங்கும் சடங்குகளும் ஒரு காலத்தில் தடைக்கு ஆளாயின. 1884-இல் பசிபிக் கரையின் பொட்லாட்ச் சடங்கைத் தடை செய்த கனடா அரசு, 1895-இல் சட்டத்தை விரித்துச் சமவெளி மக்களின் விரத நடனத்தின் மீதும் கைவைத்தது. 1951-இல்தான் இத்தடைகள் சட்டத்திலிருந்து நீங்கின. ஆனால் தடையைவிட ஆழமாக வெட்டியவை உறைவிடப் பள்ளிகள். 1,50,000-க்கு மேற்பட்ட பழங்குடிக் குழந்தைகள் வீட்டையும் தாய்மொழியையும் விட்டுப் பிரிக்கப்பட்டார்கள். வாய்வழியே வந்த பாட்டுக்கு அதைக் கேட்டு வளரப் பிள்ளைகள் இல்லாமல் போனார்கள்.

இந்த மரபின் மீட்சியில் பெண்களின் பங்கு பெரிது. கைப்பறை முழங்க ஆடும் வட்ட நடனம் கிரீ மக்களின் குளிர்காலச் சடங்கு. இறந்த தாய் ஒருத்தி, துக்கம் தாளாத மகளிடம் வந்து கற்றுக்கொடுத்த ஆட்டம் அது என்று ஒரு கதை வழங்குகிறது. 2012-இல் சஸ்காட்செவனில் நான்கு பெண்கள் தொடங்கிய ‘ஐடில் நோ மோர்’ என்னும் பழங்குடி உரிமைப் போராட்டம் அதே நடனத்தை வணிக வளாகங்களுக்குள் கொண்டுபோனது. கடைக்கு வந்தவர்கள் நடுவே பறை அதிர்ந்தது.

அல்பெர்ட்டாவின் சாடில் லேக்கைச் சேர்ந்த ஃபான் வுட், கிரீ-சாலிஷ் மரபினர். கைப்பறையோடு பாடும் இவர் 2022-இல் ‘காகிகே’ தொகுப்புக்காக கனடாவின் ஜூனோ இசை விருது பெற்றார். பெண்கள் மட்டுமே அமர்ந்து அடிக்கும் பெரும்பறைக் குழுக்களும் இப்போது உள்ளன. அவர்களை அனுமதிக்கும் பவ்வாவ்களும் உண்டு, மறுப்பவையும் உண்டு. அதை விழா நடத்தும் ஊரே முடிவு செய்கிறது.