ஆனைமங்கலத்து ஏடுகளும் லெய்டன் தறிகளும்

நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்தை ‘பொன்னியின் செல்வன்’ வழியாகத் தெரிந்துகொண்டவர்கள்தான் நம்மில் அதிகம். காய்ச்சலில் கிடந்த அருள்மொழிவர்மன் ஒளிந்திருந்த இடம். கதையை மூடிவைத்துவிட்டு, இப்படி ஒரு விகாரம் நிஜமாகவே இருந்ததா என்று தேடிப்போனால் முதலில் கைக்குக் கிடைக்கும் சான்று ஆனைமங்கலச் செப்பேடு. அது ஆனைமங்கலத்திலும் இல்லை, நாகப்பட்டினத்திலும் இல்லை. நெதர்லாந்தில் லெய்டன் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்தது. அதனால்தான் அதற்கு ‘லெய்டன் செப்பேடு’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

2023 அக்டோபரில் ஆபீஸ் வேலையாக மூன்று மாதம் டுசல்டார்ஃபில் இருந்தேன். லெய்டனில் என் கல்லூரி நண்பன் ஒருவன் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான், அவனும் காஞ்சிபுரத்துக்காரன். “ஓட்டலுக்கெல்லாம் காசு குடுக்காத. சோபா இருக்கு, சோறு இருக்கு, வாடா” என்றான். வெள்ளிக்கிழமை ராத்திரி மலிவு பஸ் ஒன்றைப் பிடித்தேன். பையில் இரண்டு சட்டை, ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த பருப்புப்பொடி, வத்தக்குழம்பு பேஸ்ட். அங்கெல்லாம் விருந்தாளி கொண்டுபோகிற சீர் அதுதான்.

சிறப்புத் தொகுப்பில் உள்ளதைப் பார்க்கவேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, வேலைநாளில் வரவேண்டும். எனக்குக் கிடைத்ததோ சனியும் ஞாயிறும். ஏடுகளைப் பார்க்க முடியாது என்று தெரிந்தேதான் போனேன். அவை போய்ச் சேர்ந்த ஊர் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் ஏடுகளின் கதை. பெரிய லெய்டன் செப்பேட்டில் 21 ஏடுகள். ஒரு வளையத்தில் கோத்து, சோழ முத்திரை வைத்தவை. மொத்த எடை சுமார் 30 கிலோ. ஐந்து ஏடுகள் சமஸ்கிருதம், மீதி 16 ஏடுகள் தமிழ். ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் ஆண்ட ஸ்ரீமாறவிஜயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரில் நாகப்பட்டினத்தில் புத்த விகாரம் எழுப்பினான். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைப் பள்ளிச்சந்தமாக ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006ஐ ஒட்டி, கொடுத்தான். அந்த ஆணையைச் செம்பில் பொறிக்க வைத்தவன் ராஜேந்திரன். சிவபக்தனான அரசன் ஒருவன், கடல்கடந்த பௌத்த அரசன் கட்டிய பள்ளிக்கு, 97 வேலி அளவுக்கு நிலமுள்ள ஓர் ஊரின் வரவை எழுதிக் கொடுக்கிறான். ஆண்டுக்கு 8,900 கலத்துக்கும் மேல் நெல்.

சமஸ்கிருதப் பகுதி வம்சப் பெருமை பாடும். தமிழ்ப் பகுதி வேறு மாதிரி. அது ஒரு பக்கா ரெவின்யூ ஃபைல். ஆணை யாரிடமிருந்து யாருக்குப் போனது, எந்த அதிகாரி கையெழுத்திட்டான், பெண்யானையை நடத்தி எல்லை குறித்தபோது யார் யார் கூட இருந்தார்கள், எந்த வாய்க்காலுக்கு மேற்கு, எந்த ஊர் எல்லைக்குக் கிழக்கு. மென்பொருள் எழுதிப் பிழைப்பவனுக்கு இந்தப் பகுதிதான் பிடிக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் யார் பொறுப்பு என்று பெயரோடு பதிவு இருக்கிறது.

பின்கதையும் உண்டு. செப்பேட்டைப் பொறிக்க வைத்த அதே ராஜேந்திரன் 1025 வாக்கில் கப்பல் அனுப்பி ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் தாக்கினான். கொடை கொடுத்த கையே படையும் அனுப்பியது. அதற்குச் சுமார் அறுபத்தைந்து ஆண்டு கழித்து, 1090இல், கடாரத்து அரசனின் தூதர்கள் வந்து கேட்டுக்கொண்டதால் முதலாம் குலோத்துங்கன் விகாரத்தின் உரிமைகளை மறுபடி உறுதிப்படுத்தினான். அந்த ஆணைதான் மூன்று ஏடுகள் கொண்ட சிறிய லெய்டன் செப்பேடு. நடுவில் நடந்த போர் நிலப்பத்திரத்தை அழித்துவிடவில்லை.

1658இல் டச்சுக்காரர்கள் போர்ச்சுகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள். 1781இல் ஆங்கிலேயர் பிடிக்கும்வரை அது அவர்கள் கையில். இந்தக் காலத்தில்தான் ஏடுகள் ஃப்ளோரென்டியஸ் காம்பர் என்ற டச்சுப் பாதிரியாரிடம் போய், அவரோடு ஐரோப்பா சேர்ந்தன. 19ஆம் நூற்றாண்டில் பல்கலைக்கழகத்துக்கு வந்தன. இங்கே நாகப்பட்டினத்தில், ‘சீன பகோடா’ என்று மாலுமிகள் அழைத்த பழைய செங்கல் கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. கட்டடம் போய்விட்டது, பத்திரம் மட்டும் வெளிநாட்டில் பத்திரமாக இருந்தது.

சனிக்கிழமை காலை கால்வாய் ஓரமாக நடந்து நூலகம் வரைக்கும் போனோம். வெளியே நின்று பார்த்தோம். மாணவர்கள் சைக்கிளில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே எங்கேயோ ஓர் அலமாரியில் ராஜராஜன் காலத்து வரிக்கணக்கு.

மத்தியானம் நண்பன் என்னை லாக்கன்ஹால் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனான். இது எனக்கு எதிர்பாராத பரிசு. லெய்டன் ஒரு நெசவாளர் ஊர்! ஃப்ளாண்டர்ஸ் பகுதியிலிருந்து போருக்கும் மத அடக்குமுறைக்கும் தப்பி வந்த நெசவாளர்களால் வளர்ந்து, 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பெரிய கம்பளித் துணி மையங்களில் ஒன்றாக இருந்திருக்கிறது. லாக்கன்ஹால் 1640இல் கட்டப்பட்ட துணிச் சோதனைக்கூடம். நெய்த துணியை இங்கே கொண்டுவந்து தரம் பார்த்து ஈய முத்திரை குத்துவார்கள். உள்ளே ஐசக் வான் ஸ்வானன்பர்க் வரைந்த பெரிய ஓவியங்கள். கம்பளியைப் பிரிப்பது, நூற்பது, பாவு ஓட்டுவது, நெய்வது, சாயம் போடுவது என்று தொழிலின் ஒவ்வொரு கட்டமும்.

தறி ஓவியத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். மாகறலில் எங்கள் வீட்டுக் கூடத்தில் குழித்தறி இருந்தது. கோர்வைப் புடவை என்றால் அப்பா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கரை நாடாவைத் தள்ளிக் கொடுப்பது என் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதுதான். அப்பா நெய்த புடவைகள் எத்தனையோ கல்யாணங்களுக்குப் போயிருக்கின்றன. எதிலும் அவர் பெயர் இல்லை. கடைப் பெயர் இருக்கும், இப்போது புவிசார் குறியீடும் இருக்கும். ஓவியத்தில் இருந்த நெசவாளருக்கும் பெயர் இல்லை. வரைந்தவர் பெயர்தான் பக்கத்துச் சீட்டில் இருந்தது.

ஆனால் லெய்டன் செப்பேட்டில் பொறித்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. அவர்கள் ஒரே குடியைச் சேர்ந்தவர்கள், பிறந்த ஊர் காஞ்சிபுரம் என்று சமஸ்கிருதப் பகுதி சொல்கிறது. ராஜேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டைப் பொறித்தவர்களும் காஞ்சிக் கைகள்தான். நாகப்பட்டினத்துக் கொடையை எழுத காஞ்சிபுரத்து ஆட்களைத் தேடியிருக்கிறார்கள் என்றால், அந்தக் காலத்திலேயே நம்ம ஊர் வேலைப்பாட்டுக்கு ஒரு பேர் இருந்திருக்கிறது.

ராத்திரி வத்தக்குழம்புச் சோறோடு சண்டை ஆரம்பித்தது. அந்த ஜூலையில்தான் நெதர்லாந்து அரசு, இந்தோனேசியாவுக்கும் இலங்கைக்கும் 478 பொருட்களைத் திருப்பித் தருவதாக அறிவித்திருந்தது. கண்டி பீரங்கியும் அதில் ஒன்று.

“திருப்பிக் குடுத்தா எங்க வெப்ப? விகாரம் இல்ல, சோழன் இல்ல, ஸ்ரீவிஜயமும் இல்ல. இங்க இருக்கறதாலதான் ஒழுங்கா இருக்கு” என்றான் நண்பன்.

“ஆனைமங்கலம் இருக்குடா” என்றேன். “கீழ்வேளூர்ப் பக்கம். பஸ் போகுது.”

“அங்க யாரு படிப்பா?”

“இங்க யாரு படிக்கறா?”

கோபத்தில் சொன்னது அது. லெய்டனிலும் தமிழ்க் கல்வெட்டு படிப்பவர்கள் இருந்திருக்கிறார்கள்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால் என் பக்கம் வாதம் இன்னும் வலுவாகத்தான் இருக்கிறது. இது ராஜாவின் நகை இல்லை, ஊரின் நிலப்பத்திரம். இதில் உள்ள வாய்க்கால் பெயர்களையும் எல்லைகளையும் நடந்து சரிபார்க்கக் கூடியவர்கள் அந்த வயலில் நிற்பவர்கள். பாதுகாப்பு ஒரு நல்ல காரணம்தான். அது கடன் வாங்கியவன் சொல்லவேண்டிய காரணம் இல்லை.

“சரி, உங்க மாகறல் கதையைச் சொல்லு” என்றான், பேச்சை மாற்ற.

செய்யாற்றங்கரையில் எங்கள் ஊர்க் கோயிலில் சொல்லும் கதை அது. ஊரில் ஒரு பலாமரம். தினமும் ஒரு பழம். ராஜேந்திரன் உத்தரவுப்படி ஊர்க்காரர்கள் முறைவைத்து அதைச் சிதம்பரம்வரை தலையில் சுமந்து போய் நடராஜருக்குப் படைத்து, பிறகு அரசனுக்குக் கொடுக்க வேண்டும். ஒரு வீட்டுப் பையனின் முறை வந்தது. இந்த மரம் இருந்தால்தானே இந்தச் சுமை என்று மரத்தை எரித்துவிட்டான். அரசன் அவனை நாடு கடத்தினான். திரும்பும் வழியில் பொன் உடும்பைத் துரத்திப்போன இடத்தில் லிங்கம் கிடைத்தது. இன்றும் லிங்கம் உடும்பு வால் வடிவில்தான் இருக்கிறது.

நண்பன் சிரித்தான். எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. செப்பேடு அரசன் பக்கத்திலிருந்து எழுதியது: இத்தனை கலம் நெல், இன்னாருக்கு. மாகறல் கதை ஊர் பக்கத்திலிருந்து சொன்னது: சுமந்தவன் கழுத்து வலித்தது. இரண்டிலும் அதே ராஜேந்திரன். வரலாறு எழுத இரண்டும் வேண்டும். முதலாவது செம்பில் இருக்கிறது. இரண்டாவது கோயில் வாசலில், யாராவது சொல்லிக்கொண்டிருக்கும்வரை.

ஞாயிறு சாயங்காலம் திரும்பும் பஸ்ஸில் செலவைக் கூட்டிப் பார்த்தேன். பஸ், ரயில், அருங்காட்சியக டிக்கெட், இரண்டு காபி. நூறு யூரோ தாண்டவில்லை. இந்த வழியில் இதற்கு முன்னால் வந்த காஞ்சிபுரத்துக் கைவேலை, முப்பது கிலோ எடையோடு, யாரும் டிக்கெட் எடுக்காமல் வந்தது. செய்தவர்கள் தங்கள் பெயரையும் ஊரையும் அதிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். திருப்பி அனுப்ப அதைவிட நல்ல விலாசம் யாரும் எழுதித் தரப்போவதில்லை.