கொத்தி எடுக்காத தீர்மானம்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்துக்கு வருகிறவர்கள் குடவோலையைத்தான் தேடுவார்கள். முப்பது குடும்பு, ஓலைச்சீட்டு, குடத்துக்குள் கைவிடும் சின்னப் பையன் என்று எல்லாம் பாடப்புத்தகத்திலேயே படித்ததுதான். எனக்கு அந்தச் சுவரில் பிடித்தது வேறு. நான் இந்தப் பக்கத்துக்காரன். பிழைப்புக்குத் தரவுத்தளங்களைப் பராமரிக்கிறேன். அந்தக் கண்ணோடு பார்த்தால், ஒரே விஷயத்துக்கு அங்கே இரண்டு தீர்மானங்கள் இருப்பது தெரியும்.

முதலாம் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டில், 919இல், முதல் தீர்மானம். வாரியத்துக்கு வருகிறவருக்கு வயது 30க்கு மேல், 60க்குள் இருக்க வேண்டும் என்றார்கள். இரண்டே வருஷத்தில், 921இல், அது 35க்கு மேல், 70க்குள் என்று மாறியது. இவ்வளவு சீக்கிரம் மாற்றினார்கள் என்றால் சபையில் பெரிய ரகளை நடந்திருக்கும் என்பது என் ஊகம். ஆனால் மாற்றியவர்கள் பழையதைக் கொத்தி எடுக்கவில்லை. புதியதைத் தனியாக வெட்டினார்கள். இரண்டும் இன்றைக்கும் நிற்கின்றன.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும் இப்படித்தான். ஒரு வரியைத் திருத்தினால் பழைய வரி உடனே அழியாது. யாராவது அதைப் படித்துக்கொண்டிருக்கலாம் என்று வைத்திருந்து, அவர்கள் முடித்தபிறகே துப்புரவு நடக்கும். ஒரே சர்வருக்குள் யார் படிக்கிறார் என்பது அதற்குத் தெரியும். 2010இல் வந்த 9.0 பதிப்பில் முதன்மை சர்வரின் நகலாக ஓடும் துணை சர்வரிலிருந்தும் படிக்கலாம் என்று ஆனபோதுதான் வம்பு தொடங்கியது. அங்கே ஒருவர் நீளமான அறிக்கை எடுத்துக்கொண்டிருப்பது முதன்மை சர்வருக்குத் தெரியாது. அது பழைய வரிகளைக் கூட்டித் தள்ளிவிடும். அந்தச் சேதி, முதன்மை அனுப்பும் மாற்றப் பதிவோடு சேர்ந்து துணை சர்வருக்கு வரும். இப்போது துணை சர்வர் என்ன செய்யும்? படிக்கிறவருக்காகப் பதிவை நிறுத்தி வைக்கலாம். அல்லது படிக்கிறவரை வெட்டிவிடலாம். நாம் ஒன்றும் மாற்றாவிட்டால், பதிவு வந்து 30 விநாடி வரை பொறுக்கும். பிறகு அறிக்கை பாதியில் விழும். ஏற்கெனவே பின்தங்கியிருந்தால் அந்த 30 விநாடியும் முழுசாகக் கிடைக்காது.

இதே சிக்கல் கல்லிலும் வந்திருக்கிறது. அரியலூர்ப் பக்கம் திருமழபாடியில், முதலாம் ராஜராஜனின் 28ஆம் ஆட்சியாண்டில், கோயில் விமானத்தைப் பிரித்துக் கட்ட உத்தரவானது. சுவரைப் பிரித்தால் அதிலுள்ள நிலதானங்கள், விளக்குக் கொடைகள் எல்லாம் போய்விடும். அதனால் எழுத்தையெல்லாம் முதலில் புத்தகத்தில் படியெடுக்கச் சொன்னார்கள். ராஜேந்திரன் காலத்தில் அவற்றைப் புதுச் சுவரில் மறுபடி வெட்டினார்கள். பிரிக்கும் முன் படிக்கிறவனை நினைத்த நிர்வாகம். நான் மெச்சுவது இவர்களைத்தான்.

எங்கள் பக்கத்துக் கர்ணம் காலத்துக் கதை அவ்வளவு சிலாக்கியமில்லை. கிராமக் கணக்கு அவரிடம், இன்னொரு கணக்கு தாலுகா ஆபீசில். இரண்டையும் ஒத்துப்பார்ப்பது ஜமாபந்தியில், வருஷத்துக்கு ஒருமுறை. நடுவில் தாலுகாவில் பட்டா மாறியிருக்கும். கிராமத்தில் பழைய பேரே ஓடும். 1980 நவம்பரில் கர்ணம் பதவியே ஒழிந்தது, பிறகு வி.ஏ.ஓ. வந்தார். ஜமாபந்தி மட்டும் நிற்கவில்லை.

துணை சர்வர் வம்புக்கு 2011இல் போஸ்ட்கிரெஸின் 9.1 பதிப்பு ஒரு வழி சொன்னது: இன்னார் இன்னும் படிக்கிறார், கூட்டாதே என்று துணை சர்வரே முதன்மைக்குச் சொல்லி அனுப்பும். பலர் யோசிக்காமல் இதை இயக்கிவிடுகிறார்கள். எனக்கு ஒப்பாது. எவரோ மறந்துபோய் விட்ட ஒரே கேள்விக்காக முதன்மை சர்வர் நாள்கணக்கில் குப்பை சுமக்கும். நான் இரண்டு துணை வைக்கிறேன். அறிக்கைக்கானது எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும். அது பின்தங்கினால் பாதகமில்லை. முதன்மை விழுந்தால் அந்த இடத்துக்கு வரவேண்டிய மற்றதற்குப் பொறுமை சுழியம். அதில் யாரும் அறிக்கை எடுக்கக் கூடாது.