எடை ஏறினால் குணமா?

திருச்சியிலிருந்து மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் எழும்பூர் போகிறவர்கள், விழித்திருந்தால், தாம்பரத்தை அடுத்து 'தாம்பரம் சானடோரியம்' என்றொரு ஸ்டேஷனைப் பார்த்திருப்பீர்கள். 1928-ல் டாக்டர் சவுரி முத்து காசநோயாளிகளுக்காக ஆரம்பித்த சானடோரியம் தந்த பெயர். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு; டி.பி.க்கு அன்றைய வைத்தியம் அதுதான். மருந்து வந்த பிறகும் படுக்கையில் போட்டால்தான் குணமாகும் என்று பெரிய டாக்டர்கள் நம்பினார்கள். இந்தியாவிலோ நோயாளிகள் லட்சக்கணக்கில்; படுக்கைகள் ஆயிரக்கணக்கில். மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் என்ன?

1956-ல் சென்னையில் ஓர் ஆய்வு மையம் திறந்து, வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டரும் நம் டாக்டர்களும் இதைச் சோதித்தார்கள். ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரை சானடோரியத்துக்கும் பாதிப் பேரை வீட்டுக்கும் அனுப்பினார்கள். இருவருக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம்.

இந்த இடத்தில், பி.காம்.மில் படித்த ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கொஞ்சம். ஸ்ரீரங்கத்தில் பத்துப் பையன்கள், உறையூரில் பத்துப் பையன்கள், கணக்கில் சராசரி 68, 64. ஸ்ரீரங்கத்துக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாமா? அவசரப்படாதீர்கள். மார்க்குகள் 35-லிருந்து 95 வரை சிதறிக் கிடந்தால் அந்த 4 மார்க் வெறும் அதிர்ஷ்டமாக இருக்கலாம். எல்லாருமே சராசரியை ஒட்டி ஓரிரு மார்க்குக்குள் இருந்தால் விஷயம் வேறு. 'வித்தியாசமே இல்லை' என்று முதலில் வைத்துக்கொண்டு, அப்படியானால் தற்செயலாக இவ்வளவு இடைவெளி எத்தனை முறை வரும் என்று கேட்க வேண்டும். நூற்றில் ஐந்து முறைகூட வராது என்றால்தான் வித்தியாசம் நிஜம் என்பது வழக்கம். சின்னக் குழுக்களுக்கு இந்தக் கணக்கின் வழியைக் காட்டியவர் டப்ளின் கின்னஸ் பீர் கம்பெனியில் வேலை பார்த்த காஸெட். 1908-ல், 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில். சொந்தப் பெயரில் வெளியிட கம்பெனி விடவில்லை.

சென்னைக்கு வருவோம். முதலில் எடை. சானடோரியத்தில் இருந்தவர்கள் சராசரியாக வெகுவாக அதிகம் ஏறியிருந்தார்கள். தற்செயல் என்று தள்ள முடியாத வித்தியாசம். பின்னே? அங்கே வேளாவேளைக்குச் சாப்பாடு. வீட்டிலிருந்தவர்களோ நெரிசலான குடியிருப்பில், அரைவயிற்றுச் சாப்பாட்டில், பலர் வேலைக்கும் போய்க்கொண்டு. தராசை மட்டும் பார்த்தால் சானடோரியம் ஜெயித்துவிட்டது.

ஆனால் வந்த காரியம் எடையா, கிருமியா? ஒரு வருஷம் கழித்துச் சளியைச் சோதித்ததில் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேருக்கும் வீட்டில் 86 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. குழுவுக்கு எண்பது தொண்ணூறு பேர்தான் என்பதால், இந்த 6 தற்செயலாகவே வரக்கூடியது. எடையில் நிஜ வித்தியாசம், நோயில் இல்லை. கூடுதல் சதை நோயைக் கூடுதலாகக் குணப்படுத்தவில்லை. குணப்படுத்தியது மருந்து.

முடிவு 1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தது. வீட்டிலேயே வைத்தியம் என்ற முறை பல நாடுகளுக்குப் போனது.

ஒரு பயம் மட்டும் பாக்கி இருந்தது. வீட்டில் இருக்கும் நோயாளி பெண்டாட்டி பிள்ளைகளுக்கு ஒட்டிவிட மாட்டாரா? இரண்டு தரப்புக் குடும்பங்களையும் ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். சானடோரியத்துக்குப் போனவர்களின் வீட்டைவிட, வீட்டிலேயே இருந்தவர்களின் குடும்பத்தில் நோய் அதிகம் வரவில்லை.